எழுபது வளைவு ஏறி வந்த க்ளே

என் கைப்பையில் கள்ளநோட்டு பார்க்கிற ஊதா விளக்கு ஒன்று எப்போதும் கிடக்கும். முப்பத்தோரு வருடம் வங்கியில் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவள். மூக்குக்கண்ணாடியை மறந்தாலும் அதை மறக்க மாட்டேன். ஓய்வு பெற்று, கொல்லிமலையில் மாமனார் வாங்கிப் போட்டிருந்த மிளகுத் தோட்டத்துக்குக் குடிவந்து ஆறு வருடமாகிறது. இங்கே எனக்கு யார் கள்ளநோட்டு கொடுக்கப் போகிறார்கள் என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். போன தை மாதம் அந்த விளக்குக்கு ஒரு வேலை வந்தது. ஓர் ஓவியப் பிரதி வாங்கினேன். அரூப ஓவியம். அதன் காகிதம் நல்ல காகிதம்தானா என்று அந்த விளக்கு சொன்னது.

கதையை முதலிலிருந்தே சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற வருடம் சென்னையில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிற சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குக் கூட்டிப்போனாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எத்தனையோ முறை அந்தப் பெயர்ப்பலகையைக் கடந்திருக்கிறேன், ஒருநாளும் இறங்கியதில்லை. 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் கூட்டாளிகளும் சேர்ந்து உண்டாக்கிய கிராமம் அது. பணிக்கர் அப்போது சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வர். படம் விற்றுப் பிழைக்க முடியாது என்று தெரிந்திருந்ததால், பாத்திக் துணி, கைவினைப் பொருள் என்று செய்து விற்று, அந்தக் காசில் மனை வாங்கியிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்கே பிடித்துப்போயிற்று.

உள்ளே பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைப் படம் ஒன்றின் முன்னால் நின்றேன். அவர் 1963இல் தொடங்கிய வரிசை. ஜாதகக் கட்டம் போல ஒன்று, பக்கத்தில் வரிசை வரிசையாக எழுத்து. மலையாளம் மாதிரி இருக்கும், வாசிக்கப் போனால் வாசிக்க வராது. எண்கள் இருக்கும், கூட்டினால் எதுவும் வராது. ஆயுசு முழுக்கப் பேரேட்டைப் பார்த்த கண்ணுக்கு அது என்னவோ செய்தது. எத்தனை பக்கம் இப்படிக் கோடு போட்டு, கட்டம் கட்டி, கடைசியில் பைசா சுத்தமாகக் கூட்டி நிறுத்தியிருப்பேன்! இவர் கூட்டவே இல்லை. கூட்டாமலே பக்கம் நிறைந்திருக்கிறது.

மலைக்குத் திரும்பியதும் இதைப்போல ஒன்று கூடத்துச் சுவரில் வேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது. அசல் வாங்குவதைப் பற்றி நினைக்கக்கூட முடியாது. பிரதி வாங்கலாமே என்று இணையத்தில் தேடி, ஓர் இணையக்கடையில் ‘இந்திய அரூப ஓவியம், ஆர்க்கைவல் கேன்வாஸ், நூறு வருட உத்தரவாதம்’ என்று போட்டிருந்ததை வாங்கினேன். படம் பணிக்கருடையது மாதிரியே இருந்தது. பெயர் போடவில்லை. ஏன் போடவில்லை என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. கடைப் பெயரைச் சொல்லப் போவதில்லை, கேட்காதீர்கள்.

குழலில் சுருட்டி வந்தது. விரித்துப் பார்த்தால், அந்தக் கீறல் எழுத்துகள் இருந்த இடமெல்லாம் ஈரக் கையால் ரப்பர் ஸ்டாம்பைத் தேய்த்த மாதிரி. கோடு கோடாகவே இல்லை, புகையாக இருந்தது. கைப்பேசி அளவுக்கு யாரோ போட்டு வைத்த படத்தை எடுத்து மூன்றடிக்கு இழுத்திருக்கிறார்கள். அச்சில் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி இருந்தால்தான் கிட்டே போய்ப் பார்க்கத் தாங்கும் என்பார்கள். இரண்டடிக்கு மூன்றடிப் படம் என்றால் 7,200க்கு 10,800 புள்ளி வேண்டும். என் படத்தில் அதில் பத்தில் ஒரு பங்காவது இருந்திருக்குமா என்பது சந்தேகம். போகட்டும் என்று மாட்டினேன். இரண்டாவது ஐப்பசி மழைக்குக் கேன்வாஸின் கீழ்ப்பக்கம் முழுக்க மிளகுத்தூள் தூவினாற்போல் கருப்புப் பொட்டு. பூஞ்சை. துடைத்தேன், வண்ணமும் கூடவே வந்தது.

அதற்கப்புறம்தான் நான் படிக்க ஆரம்பித்தேன். நான்கு வருடம் படித்தேன் என்று சொன்னால் நம்புங்கள். மலையில் மழைக்காலத்தில் வேறு வேலை கிடையாது.

நம் ஊரில் படம் நகலெடுத்து வீட்டில் மாட்டுவது புதிதா என்ன? ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாய்ப் பக்கம் அச்சகம் போட்டார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல் என்று வைத்து அடித்த அந்த லட்சுமியும் சரஸ்வதியும் எந்தக் குக்கிராமத்து வீட்டிலும் ஏறினார்கள். பிறகு கோவில்பட்டி கொண்டையராஜுவின் சாமி படங்கள், சிவகாசிக் காலண்டர். எங்கள் பாட்டி வீட்டு லட்சுமியின் சிவப்புச் சேலை நாளாக நாளாக ரோஸ் ஆகி, கடைசியில் சந்தன நிறத்துக்கு வந்துவிட்டது. ஆனால் லட்சுமி லட்சுமியாகத்தான் இருந்தாள். நான்கு கை, தாமரை, கொட்டுகிற காசு. நிறம் போனாலும் உருவம் தாங்கிக்கொள்ளும்.

அரூப ஓவியத்தில் தாங்குவதற்கு ஆளில்லை. ஒரு சிவப்பும் அதன் பக்கத்தில் ஒரு சாம்பலும்தான் படமே என்றால், சிவப்பு செங்கல் நிறமாகிப் போனபின் அங்கே மிச்சம் என்ன? பிரதி கொஞ்சம் சுமாராக இருந்தால் பரவாயில்லை என்கிற சலுகை சாமி படத்துக்கு உண்டு, இதற்குக் கிடையாது. அரூபம்தானே, கோடும் கறையும்தானே, எப்படி அடித்தால் என்ன என்று கடைக்காரர்கள் நினைக்கிறார்கள். நேர்மாறாக நினைக்க வேண்டிய இடம் அது.

சரி, ‘ஆர்க்கைவல்’ என்றால் என்ன? ஆவணக் காப்பகத்தில் வைக்கிற அளவுக்கு நாள்பட நிற்கும் என்று அர்த்தம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லைப் போட யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். யாரும் எதன் மேலும் ஒட்டிக்கொள்ளலாம், எண்ணெய்ப் பொட்டலத்தில் ‘சுத்தமானது’ என்று போடுகிற மாதிரி. ஆகவே சொல்லை விட்டுவிட்டு மையையும் காகிதத்தையும் கேட்க வேண்டும்.

மையில் இரண்டு ஜாதி. சாயம் ஒன்று, நிறமி ஒன்று. சாயம் திரவத்தில் கரைந்துவிடும், பளபளப்பாக இருக்கும், வெயிலில் போகும். சாயம் போகிற சேலை கட்டிய யாருக்கும் விளக்க வேண்டாம். நிறமி கரையாத பொடி, கல்லும் மண்ணும் மாதிரி. தஞ்சைப் பெரிய கோவிலில் நாயக்கர் காலத்து ஓவியப் பூச்சுக்குப் பின்னால் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தபோது தொள்ளாயிரம் வருடத்துக் காவியும் மஞ்சளும் அங்கே நின்றிருந்ததே, அது நிறமியின் குணம். இந்தக் காலத்து நல்ல அச்சு எந்திரங்களில் நிறமி மை உண்டு. ‘ஜிக்ளே’ என்று பெரிய பெயர் சொல்லி விற்பார்கள். 1991இல் ஜாக் டுகேன் என்கிற அமெரிக்க அச்சுக்காரர் வைத்த பெயர் அது. பீச்சுவது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து எடுத்தார். இங்க்ஜெட் என்று சொன்னால் மதிப்பில்லையாம். முதல் காலத்து ஜிக்ளே பல சாய மையில் அடித்தவை, சில வருடத்திலேயே வெளுத்துப்போயின. பெயர் மட்டும் வெளுக்கவில்லை.

நிறமி சரியாக இல்லாவிட்டால் அசலே போய்விடும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. ஓவியர் மார்க் ராத்கோ ஹார்வர்டு பல்கலைக்கழகத்து உணவுக்கூடம் ஒன்றுக்காகப் பெரிய பெரிய படங்கள் வரைந்தார். 1964இல் மாட்டினார்கள். ஆழ்ந்த சிவப்பு. ஜன்னலோ பெரியது, வெயில் கொட்டியது. அவர் சேர்த்திருந்த லித்தால் ரெட் என்னும் நிறமி வெயிலுக்கு நிற்காத வகை. சிவப்பு ஓடிப்போய் வெளிர்நீலமாகிவிட்டது. 1979இல் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்கள். 2014இல் மறுபடி காட்டியபோது படத்தைத் தொடாமல், புள்ளி புள்ளியாகக் கணக்குப் போட்ட வண்ண ஒளியை அதன்மேல் பாய்ச்சி, பழைய சிவப்பை வரவழைத்தார்கள். விளக்கை அணைத்தால் சிவப்பும் போய்விடும். நிறமி என்றாலே நிற்கும் என்று நம்பிவிடாதீர்கள் என்பதற்குத்தான் இதைச் சொன்னேன்.

காகிதத்துக்கு வருகிறேன். இங்கேதான் என் விளக்கு.

செய்தித்தாள் ஒரு வாரம் வெயிலில் கிடந்தால் மஞ்சளாகிறது, மரக்கூழில் லிக்னின் என்னும் பொருள் இருப்பதால். பருத்தி நாரில் அந்தத் தொல்லை இல்லை. அமிலம் இல்லாத, கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து சேர்த்த, சதுர மீட்டருக்கு 300 கிராம் வாக்கில் கனமுள்ள பருத்திக் காகிதம் கேளுங்கள். எல்லாரும் ‘பருத்திதான்’ என்பார்கள். இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்: வெள்ளைக்கூட்டி சேர்த்திருக்கிறீர்களா? சலவைத்தூளில் போடுவார்களே, வெள்ளை வேட்டி நீலமாக ஒளிர, அதே சரக்கு. காகிதத்திலும் கலப்பார்கள். கடையில் பார்க்கக் கண்ணைப் பறிக்கும். நாளாக ஆக அது வேலை செய்வதை நிறுத்திவிடும், காகிதம் மஞ்சள் தட்டும். லட்சுமியாவது பிழைப்பாள். வெள்ளையையே ஒரு வண்ணமாக வைத்து வரைந்த அரூபம் என்ன ஆகும்?

அச்சிடுகிறவரிடம் கேட்டிருந்த மாதிரித் துண்டு வந்ததும் அறையை இருட்டாக்கி, மேசைமேல் மூன்றைப் பரப்பினேன். வீட்டு அச்செந்திரத்துக் காகிதம் ஒன்று, மாதிரித் துண்டு ஒன்று, ஒரு நூறு ரூபாய் நோட்டு. விளக்கைக் காட்டினேன். அச்செந்திரக் காகிதம் ஊதா வெள்ளையாகப் பற்றி எரிந்தது. நோட்டு இருண்டு கிடந்தது, எண்ணும் சின்னச் சின்ன இழைகளும் மட்டும் மின்ன. நம் ரூபாய் நோட்டு பருத்திக் காகிதம், வெள்ளைக்கூட்டி கிடையாது. காகிதம் ஒளிர்ந்தால் கள்ளநோட்டோ என்று சந்தேகப்படுவோம். மாதிரித் துண்டு? நோட்டைப்போலவே மங்கலாக, இருட்டாக. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கவுண்டரில் ஆயிரம் முறை செய்த காரியம். “பாஸ்” என்று சத்தமாகச் சொன்னேன்போல, பக்கத்து அறையிலிருந்து “என்ன?” என்றார் வீட்டுக்காரர்.

படம் எது என்று இன்னும் சொல்லவில்லை. பணிக்கரைத்தான் மனம் கேட்டது. ஆனால் அவர் இறந்தது 1977 ஜனவரியில். நம் சட்டப்படி ஓவியர் இறந்த பிறகு அறுபது வருடம் காப்புரிமை உண்டு, 2037 முடியும்வரை. உரிமையாளர் அனுமதியோடு அச்சிட்டதைத்தான் வாங்கலாம். பெயர் போடாமல் விற்ற அந்தக் கடை ஏன் பெயர் போடவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. தெரியாமல் வாங்கினேன், தெரிந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன். எங்கள் மலையின் கிழக்குச் சரிவில் புளியஞ்சோலைக்கு இறங்கினால் திருச்சி மாவட்டம். அந்த மாவட்டத்துக்காரர் ஆதிமூலம். காந்தியைக் கோட்டோவியமாக வரைந்தவர், பிறகு முழுக்க வண்ண அரூபத்துக்குப் போனவர். அவர் இறந்தது 2008இல். அவருக்கு 2068வரை.

அதனால் 1940இல் இறந்த ஓவியர் பால் க்ளேயிடம் போனேன். அவர் 1918இல் செய்த ஒரு சின்னப் படம், ‘இரவின் சாம்பல் நிறத்திலிருந்து ஒருகாலம் எழுந்து’ என்று தலைப்பைச் சொல்லலாம். ஒரு கவிதையை எடுத்து, எழுத்துக்கு ஒரு கட்டமாக அடுக்கி, கட்டங்களுக்கு நீர்வண்ணம் தீட்டியிருக்கிறார். எழுத்து தெரியும், கவிதை தெரியாது. பேரேடு தெரியும், கணக்கு தெரியாது. பணிக்கர் முன்னால் நின்றபோது வந்த அதே சங்கதி எனக்கு வந்தது. இருவரையும் முடிச்சுப்போட நான் விமர்சகர் இல்லை, என் கண்ணுக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

இன்னொரு காரணம், அளவு. அசல் 22.6 சென்டிமீட்டர் உயரம், 15.8 அகலம். கிட்டத்தட்ட ஒரு பள்ளி நோட்டு அளவு, அவ்வளவே. ஆகவே பிரதியை அசல் அளவிலேயே எடுக்கலாம். ஹில்மா ஆஃப் க்ளிண்ட் 1907இல் வரைந்த பத்துப் பெரிய படங்கள் ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்கு மேல் உயரம். அதை இரண்டடிக்குச் சுருக்கினால் நமக்குக் கிடைப்பது படத்தின் முகவரி மட்டும். ஓவியர் கெய்தொண்டே மாதிரி உருளையும் கத்தியும் வைத்து வண்ணத்தை அடுக்கடுக்காக ஏற்றியவருடைய பரப்பு எந்த அச்சிலும் வராது. காகிதத்தில் செய்த நீர்வண்ணம், சின்ன அளவு என்றால்தான் காகிதப் பிரதிக்கு நியாயம் செய்ய வாய்ப்பு உண்டு. பிரதி வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பேன், மை காகிதம் எல்லாம் அப்புறம்.

அப்படியும் ஒன்று வரவில்லை. க்ளே அந்தப் படத்தை இரண்டாக வெட்டி நடுவில் ஒரு வெள்ளிக் காகிதப் பட்டையை வைத்திருக்கிறார். இந்த வகை அச்சு எந்திரத்தில் பொதுவாக வெள்ளி கிடையாது. என் பிரதியில் அந்த இடம் சாம்பல் நிறம். அசலில் நாம் நகர நகர அது மினுங்கும். இங்கே நான் நகர்ந்தால் நான் மட்டும்தான் நகர்கிறேன். வாங்கும் முன்பே அச்சிடுகிறவரிடம் இதைக் கேட்டிருந்தேன். “ஆமாங்க, அதை நாங்க பண்ண முடியாது” என்று மழுப்பாமல் சொன்னார். அந்த ஒரு பதிலுக்காகவே அவரிடம் வாங்கினேன். கோப்பு எங்கிருந்து வந்தது, மை என்ன, காகிதம் என்ன என்று மூன்று கடைகளில் கேட்டிருந்தேன். மற்ற இரண்டும் ‘பிரீமியம் குவாலிட்டி மேடம்’ என்றன.

இனி மலைக் கதை. நூறு வருடம் என்று சொல்கிறார்களே, அது எப்படி வந்த எண்? பலத்த விளக்கின் கீழ் சில மாதம் வைத்துப் பார்த்து, அதை நீட்டிப் போடுகிற கணக்கு. பலரும் மேற்கோள் காட்டும் வில்ஹெல்ம் ஆய்வகத்தின் கணக்கில், 450 லக்ஸ் வெளிச்சம், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், 60 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்கிறார்கள். ஐப்பசியில் எங்கள் கூடத்து ஈரமானி 88 காட்டுகிறது. காலையில் எழுந்தால் உப்பு ஜாடியில் தண்ணீர். பூஞ்சைக்கு 70 தாண்டினாலே கொண்டாட்டம். இந்த மலையில் வெயிலைவிட ஈரம்தான் எதிரி, மை விற்கிறவர்கள் அதைப்பற்றிப் பேசுவதே இல்லை.

இதே மலையில் ஒரு பாவை இருந்தாள் என்று சங்கப் பாட்டு சொல்கிறது. காற்று மோதினாலும் மழை அடித்தாலும் இடி விழுந்தாலும் நிலமே அதிர்ந்தாலும் உருவம் கெடாதவள் கொல்லிப்பாவை என்று நற்றிணையில் பரணர் சொல்கிறார். ‘ஆர்க்கைவல்’ என்பதற்கு இதைவிடக் கறாரான விவரக்குறிப்பை நான் எந்தக் கடையின் பக்கத்திலும் பார்க்கவில்லை. எட்டுக்கை அம்மன் கோவிலில் இருப்பவள்தான் அந்தப் பாவை என்பார்கள் இங்கே. ஆனால் அவளைச் செய்தது தெய்வம். நமக்கு நாமக்கல் கண்ணாடிக் கடைதான்.

கடைத் தம்பி நல்ல கைகாரர், சாமி படத்துக்குச் சட்டம் போட்டுப் போட்டுத் தேய்ந்த கை. பின்னால் வைக்க ஹார்ட்போர்டை எடுத்தார். வேண்டாம், அதில் அமிலம் கசியும் என்றேன். “சாமி படத்துக்கே இதுதானுங்கம்மா போடறோம். இது என்னங்க, கட்டம் கட்டமா…” என்று இழுத்தார். “சாமி தன்னைத்தானே காப்பாத்திக்கும் தம்பி, இதுக்கு நாமதான் பாக்கணும்” என்றேன். சிரித்துவிட்டுச் சொன்னபடி செய்தார். படத்தின் பின்னால் அமிலமில்லாத அட்டை, அதற்குப் பின்னால் பெயர்ப்பலகைக் கடையில் மிச்சமாகக் கிடந்த அலுமினியத் தகட்டுப் பலகை. படம் கண்ணாடியைத் தொடாமல் இருக்க நடுவில் வெட்டிய அட்டை மவுண்ட். தொட்டால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது. இருபக்க டேப்புக்கு விடை கொடுத்துவிட்டு, அந்தக் காலத்துக் கல்யாண ஆல்பத்தில் ஒட்டுவார்களே, அதுபோலக் காகித மூலைகள் நான்கு செய்து படத்தைச் செருகினோம். நாளைக்கு வேண்டுமென்றால் உருவிவிடலாம். கண்ணாடிக்குப் பதில் புறஊதாவை வடிகட்டும் அக்ரிலிக். படத்துக்கு ஆனதைப்போல இரண்டு மடங்கு சட்டத்துக்கு ஆயிற்று. இதில் கஞ்சத்தனம் செய்தால் மேலே சொன்ன மை, காகிதம் எல்லாம் வீண்.

அக்ரிலிக் போட்டது நல்லதாகப் போயிற்று. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். நாற்பதாவது வளைவில் பக்கத்தில் இருந்த பாட்டியின் பலாப்பழச் சாக்கு சாய்ந்து என் பொட்டலத்தின்மேல் உட்கார்ந்தது. கண்ணாடியாக இருந்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். “சாமி படமா கண்ணு?” என்று கேட்டார் பாட்டி. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

மாட்டிய இடம் நடுச்சுவர். மழை அடிக்கிற வெளிச்சுவரில் எதையும் மாட்டாதீர்கள், சுவர் வியர்க்கும். சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் ரப்பர்க் குமிழ் ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி விட்டிருக்கிறேன். காற்று ஓட வேண்டும். அடுப்படிப் புகை வராத பக்கம். மாதம் ஒருமுறை கழற்றிப் பின்புறம் பார்க்கிறேன், ராமபாணப் பூச்சி வந்திருக்கிறதா என்று.

இவ்வளவு பாடுபட்டுப் பிரதி எதற்கு என்று தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி. இதே செலவில், கொஞ்சம் கூடப் போட்டால், இளம் ஓவியர் ஒருவரின் அசல் அச்சோவியம் வாங்கலாம். அவரே தகட்டில் கீறி, அவரே அடித்து, 7/25 என்று பென்சிலில் எண் போட்டுக் கையெழுத்திட்டது. அது பிரதி ஆகாது, இருபத்தைந்துமே அசல். தேவகோட்டைக்காரர் ஆர்.எம். பழனியப்பன் அச்சோவியத்திலேயே அரூபம் செய்து பெயர் பெற்றவர். சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியின் மண்டல மையத்தில் அச்சோவியப் பட்டறையே இருக்கிறது. அடுத்த முறை அதுதான். க்ளேயை இறக்கப் போவதில்லை, பக்கத்துச் சுவர் காலியாக இருக்கிறது.

மாதிரித் துண்டைத் தூக்கிப் போடவில்லை. அதில் ஒரு சிவப்புக் கட்டம், ஒரு நீலம், ஒரு மஞ்சள் இருக்கிறது. பாதியைக் கருப்பு அட்டையால் மூடிக் கிளிப் போட்டு, கிழக்கு ஜன்னலில் தொங்கவிட்டிருக்கிறேன். சித்திரையில் தொங்கவிட்டது. ஆடிப் பதினெட்டுக்கு அறப்பளீஸ்வரர் கோவிலுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டு போனார்கள். கார்த்திகை பிறந்ததும் அட்டையைக் கழற்றி இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் மஞ்சள் முதலில் போகும் என்கிறார். நான் சிவப்பின் மேல் பத்து ரூபாய் கட்டியிருக்கிறேன்.